முழங்கால் மடங்காது, கழுத்து திரும்பாது: அப்படியான ஒருவர் ஓட்ட எந்தக் கார் எடுப்பது?

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டதிலிருந்து கொழும்பில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அப்பாவின் பழைய காரை மாற்ற வேண்டும், அவருக்கு எழுபது கடந்துவிட்டது, முழங்கால் வலி, ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கோ, கோயிலுக்கோ, கிளினிக்குக்கோ தானே ஓட்டிப் போகத்தான் விரும்புகிறார், எதை வாங்குவது? இதற்குக் கிடைக்கும் பதிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "வகன் ஆர் எடுங்கோ, திருப்பி விற்றாலும் விலை போகும்." கொஞ்சம் வசதி உள்ளவர் என்றால் "உயரமான எஸ்யூவி எடுங்கோ, ஏறி இறங்கச் சுகம்" என்பார்கள்.

இரண்டு பதிலும் சிலருக்குச் சரியாக இருக்கலாம், சிலருக்கு முற்றிலும் பிழையாகலாம். காரணம், இரண்டுமே காரிலிருந்து தொடங்குகின்றன. வயதான ஒருவர் ஓட்டப்போகிற காரை அவருடைய உடம்பிலிருந்து தொடங்கித்தான் தேட வேண்டும். விற்கும் விலையைப் பற்றிய கேள்வி வரிசையில் கடைசியாக வரட்டும். அந்தக் கார் பத்து வருடம் அவரைச் சுமக்கப் போகிறது, அந்தப் பத்து வருடத்தில் அவருடைய முழங்கால் இன்னும் மோசமாகலாம், நன்றாக ஆகாது.

முதலில்: எந்த அசைவு கஷ்டமாக இருக்கிறது?

"வயசாகிவிட்டது" என்பதை வைத்துக் கார் தேட முடியாது. கார் ஓட்டுவதை அசைவுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. உள்ளே போய் உட்காருவது, வெளியே எழும்புவது: இடுப்பு, முழங்கால், தோள்.
2. வலது காலை எக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாற்றுவது: கணுக்கால், இடுப்பு, பாதத்தின் உணர்ச்சி.
3. பின்னுக்கும் பக்கத்துக்கும் பார்ப்பது: கழுத்து, முதுகு, கண்.
4. ஸ்டியரிங், பெல்ட், சாவி, கியர்: விரல், மணிக்கட்டு, தோள்.

இந்த நான்கில் எது மோசம் என்று அவரிடமே கேளுங்கள். நேரே கேட்டால் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும், லைசன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். ஆகவே ஒரு நாள் பக்கத்து சீட்டில் இருந்து பாருங்கள். எங்கே கையூன்றுகிறார், எங்கே மூச்சுப் பிடிக்கிறார், ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறாரா அல்லது கண்ணாடியை மட்டும் நம்புகிறாரா என்பதெல்லாம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

ஏறி இறங்குவது: உயரம் மட்டும் போதாது

தாழ்ந்த செடான் காரில் உட்காருவது என்றால் கிட்டத்தட்டக் குந்துவது போல. முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், எழும்பும்போது முழு உடம்பையும் தொடைத் தசையால் தூக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்க வேண்டாம் என்று சொல்வது வழக்கம், தாழ்ந்த சீட் அதைத்தான் செய்ய வைக்கும்.

அதற்காக உயரமான எஸ்யூவிக்குத் தாவினால் பிரச்சினை தலைகீழாகும். இப்போது ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் காலில் மொத்தப் பாரத்தையும் தாங்கி, உடம்பை மேலே இழுக்க வேண்டும். சேலை கட்டிய அம்மாவுக்கு இது இன்னும் சிரமம். கட்டையான உருவம் என்றால் இறங்கும்போது கால் தரையைத் தொடுவதற்குள் உடம்பு வழுகிவிடும், விழுவது அந்த இடத்தில்தான்.

சரியான உயரம் இரண்டுக்கும் நடுவில். அதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டில் அவர் கையூன்றாமல் சுலபமாக எழும்பும் கதிரை ஒன்று இருக்கும். அதில் அவரை இருத்தி, தரையிலிருந்து அவர் இருக்கும் இடத்தின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கார் பார்க்கப் போகும்போது அவர் உட்கார்ந்த நிலையில் சீட்டின் வெளி ஓர உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் அந்தக் கார் பட்டியலில் இருக்கட்டும். வகன் ஆர் போன்ற நெட்டையான சிறிய கார்கள் வயதானவர்களுக்குப் பிடிப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்: சீட் நாற்காலி உயரத்துக்குக் கிட்ட வருகிறது, கூரையும் உயரமாக இருப்பதால் தலையைக் குனிய வேண்டியதில்லை.

இதோடு இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள வாசற்படி சீட்டைவிட எவ்வளவு தாழ்வு, எவ்வளவு அகலம்? அகலமாக இருந்தால் கால் தரைக்கு எட்டாது. சீட்டின் ஓரங்கள் மேடாக இருக்கிறதா? "ஸ்போர்ட்ஸ் சீட்" என்று பெருமையாகக் காட்டுவார்கள், அந்த மேட்டைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் தொடையை நகர்த்த வேண்டும். ஏறும் முறையும் முக்கியம்: முதலில் பின்புறத்தைச் சீட்டில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். துணி சீட் உடையைப் பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பான சீட் திரும்ப விடும்.

அடுத்தது கதவு. நாங்கள் இடது பக்கம் ஓட்டுகிறோம், சாரதி வலது பக்கம் இருக்கிறார். காலி வீதி ஓரம் நிறுத்தினால் சாரதியின் கதவு திறப்பது ஓடுகிற பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் முன்னால். மெதுவாக இறங்குகிற ஒருவருக்கு அந்தப் பதினைந்து வினாடி ஆபத்தானது. சறுக்குக் கதவு வைத்த கார்களை, அதாவது டொயோட்டா ரூமி, சுசுகி ஸ்பேசியா போன்றவற்றை, "பெரியவர்களுக்கு வசதி" என்று சொல்லி விற்பார்கள். வசதிதான், ஆனால் பின்சீட்டுக்கு. முன் கதவு வழக்கமான கதவேதான். ஓட்டப்போவது அவர் என்றால் அந்தச் சறுக்குக் கதவுக்குக் கொடுக்கும் காசு அவருக்கு உதவாது.

வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகளில் கீழ்த்தளத் தரிப்பிடத்தில் நிறுத்துபவர்களுக்குக் காரின் அகலம் ஒரு மருத்துவ விஷயம் மாதிரி. 2.4 மீட்டர் அகலமான இடம் என்று வைத்துக்கொண்டால், 1.475 மீட்டர் அகலமான வகன் ஆர் நின்றபின் இரு பக்கமும் சேர்த்து 92 சென்ரிமீட்டருக்கு மேல் மிஞ்சும். முதல் தலைமுறை ஹொண்டா வெசல் 1.77 மீட்டர், அது நின்றால் மிஞ்சுவது 63 சென்ரிமீட்டர். கதவை முழுதாகத் திறக்க முடியாவிட்டால் சீட் எவ்வளவு சரியான உயரத்தில் இருந்தும் பயனில்லை, உடம்பை ஒடித்துத்தான் வெளியே வர வேண்டும்.

பெடல்: உயிர் போகும் இடம்

மற்றவை எல்லாம் வலியும் சிரமமும் சார்ந்தவை. இது அப்படியல்ல, அதனால்தான் இதில் அதிக நேரம் செலவழிக்கச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 19 அன்று தோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் 87 வயதுச் சாரதி ஒருவரின் கார் வேகமெடுத்துப் பாதசாரிகள் மேல் பாய்ந்ததில் ஒரு இளம் தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக் வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னார். பிரேக் என்று நினைத்து எக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்று 2021-ல் நீதிமன்றம் முடிவு செய்து ஐந்து வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி வரும் நாடு அது, அங்கே இதைப் பற்றி நடந்த மாற்றங்களைக் கீழே சொல்கிறேன்.

பெடல் ஏன் மாறுகிறது? கால் எங்கே இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை, உணர்கிறோம். சலரோகம் நீண்ட காலம் இருந்தவர்களுக்குப் பாதத்தின் நரம்பு பாதிக்கப்பட்டு அந்த உணர்ச்சி குறைந்துவிடும். கால் எந்தப் பெடலில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாகப் போகாது. இதோடு இடுப்பு இறுகியிருந்தால் காலைத் தூக்கி மாற்றாமல் குதிகாலை ஊன்றிப் பாதத்தை மட்டும் சாய்ப்பார்கள். ரிவர்ஸ் எடுக்க உடம்பைத் திருப்பும்போது இடுப்பும் சேர்ந்து திரும்பி, பாதம் நின்ற கோணமே மாறிவிடும். பிரேக் என்று மிதித்தது எக்ஸிலரேட்டராக இருந்து, கார் பாய, பயத்தில் இன்னும் பலமாக மிதிப்பதுதான் அடுத்து நடப்பது.

ஆகவே காரில் பார்க்க வேண்டியவை:

1. சிறிய கார்களில் முன் வலது சக்கரத்தின் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் புடைத்து வரும், அதனால் பெடல்கள் இடது பக்கம் தள்ளி இருக்கும். சீட்டில் நேராக இருந்து வலது காலை இயல்பாக நீட்டினால் பாதம் எக்ஸிலரேட்டரில் விழ வேண்டும், பிரேக்குக்கு மாறும்போது தெளிவான ஒரு தூரம் தெரிய வேண்டும். அவர் வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு பாருங்கள். இறப்பர் செருப்போடு ஓட்டும் பழக்கத்தை இதோடு விட்டுவிட வேண்டும், குதிகால் மூடிய, மெல்லிய அடி உள்ள சப்பாத்துதான் நல்லது.

2. பார்க்கிங் பிரேக் எங்கே? பல ஜப்பான் கார்களில் அது இடது காலால் மிதிக்கும் பெடல். இடது முழங்கால் பழுது என்றால் ஒவ்வொரு முறையும் வலி, வலிக்கிறது என்று போடாமலே விடுவதும் நடக்கும். கைப்பிடி என்றால் தோளும் மணிக்கட்டும் இழுக்க வேண்டும். பட்டன் வைத்த மின் பார்க்கிங் பிரேக் இருவருக்கும் நல்லது. வெசலிலும், 2020-ல் வந்த ஹொண்டா ஃபிட்டிலும் அது உண்டு.

3. நெரிசலில் பிரேக்கைத் தானே பிடித்து வைத்திருக்கும் "பிரேக் ஹோல்ட்" இருக்கிறதா? மாலை ஐந்தரைக்குப் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போது கணுக்கால் வலிக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

4. ஒற்றைப் பெடல் ஓட்டம். 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறை நிசான் லீஃபில் எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கார் மெதுவாகி முழுதாக நிற்கும். காலை மாற்றும் தடவை வெகுவாகக் குறைகிறது, கணுக்காலுக்கு நல்லது. ஆனால் அவசரத்தில் பிரேக்கைத் தேடி மிதிக்கும் பழக்கம் மங்கிவிடும் என்பதால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கும் புதிய பழக்கம் ஏறாதவருக்கும் இதை நான் சொல்லமாட்டேன்.

கியரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2013 காலத்து ஹொண்டா ஃபிட் ஹைப்ரிட் போன்றவற்றில் கியர் கம்பி தள்ளியவுடன் திரும்ப நடுவுக்கு வந்துவிடும், பார்க்கிங் ஒரு தனி பட்டன். கம்பியைத் தொட்டுப் பார்த்து எந்தக் கியரில் இருக்கிறது என்று அறிய முடியாது, முன்னால் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் பழைய முறையில் ஓட்டிய கைக்கு இது குழப்பம். முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவில் கம்பி வைத்த இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ஒரு காரை விட்டு மற்றதை எடுக்கலாம்.

வலது கால் பாரிசவாதத்தால் பலமிழந்திருந்தால் சாதாரணக் காரில் "சமாளிப்பது" என்ற பேச்சே கூடாது. இடது கால் எக்ஸிலரேட்டர், கையால் இயக்கும் பிரேக் என்று மாற்றங்கள் உலகில் உண்டு. டொயோட்டாவின் வெல்காப், சுசுகியின் வித் வரிசை ஆகியவை இறக்கும் சீட், திரும்பும் சீட் வைத்துத் தொழிற்சாலையிலிருந்தே வருபவை, ஆனால் அந்தச் சீட்டுகள் அநேகமாகப் பயணிக்கானவை. சாரதிக்கான மாற்றம் என்றால் முதலில் மருத்துவர், பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், பிறகு காப்புறுதி நிறுவனம், அதன்பிறகுதான் கராஜ். இந்த வரிசை மாறக்கூடாது.

கண், கழுத்து, காது

அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம் தேவை. எதிரே வரும் லைட் கூச்சத்திலிருந்து மீளவும் அதிக நேரம் எடுக்கும். எங்கள் ஊரில் கண்ணாடிக்குக் கறுப்பு டின்ட் ஒட்டுவது கௌரவம் மாதிரி ஆகிவிட்டது, வயதானவருடைய காரில் அது பகலில் சுகம், இரவில் ஆபத்து. வாங்கும் காரில் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

டாஷ்போர்டில் எழுத்து பெரிதாகவும் பின்னணியோடு தெளிவாகப் பிரிந்தும் இருக்க வேண்டும். கிட்டப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுகிறவருக்கு வேகத்தை முன் கண்ணாடியில் காட்டும் வசதி உதவும், 2017-ல் வந்த வகன் ஆரின் சில தரங்களில் (ஒரே காரின் வசதி கூடிய, குறைந்த வகைகளில்) அது உண்டு.

கழுத்து திரும்பாதவருக்கு ரிவர்ஸ் கமெரா அவசியம். கமெரா ரிவர்ஸுக்கு மட்டும்தான், பக்கத்தில் நெருங்கும் மோட்டார் சைக்கிளைக் காட்டாது, அதற்குப் பெரிய பக்கக் கண்ணாடிகளும் பக்கவாட்டு எச்சரிக்கையும் வேண்டும். முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்கள் எவ்வளவு தடிப்பு என்றும் பாருங்கள்.

காதுக்கு வருவோம். வயதோடு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள். எச்சரிக்கை ஒலி பல கார்களில் அதே சுருதியில்தான் ஒலிக்கும். போதாக்குறைக்கு ஜப்பானிலிருந்து வந்த கார் ஜப்பானிய மொழியில் பேசும், திரையிலும் ஜப்பானிய எழுத்து. எது சும்மா நெடுஞ்சாலைக் கட்டண அட்டை பற்றிய அறிவிப்பு, எது உண்மையான எச்சரிக்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்துக்கு மாற்ற முடிந்தவற்றை மாற்றுங்கள். மாற்ற முடியாத அடையாளங்களை ஒரு தாளில் தமிழில் எழுதி வீட்டில் வைத்துப் படிக்கச் செய்யுங்கள்.

கையும் ஸ்டியரிங்கும்

விரல் மூட்டு வீங்கியவருக்குச் சாவி திருப்புவதைவிடப் பட்டன் ஸ்டார்ட் சுலபம். ஸ்டியரிங் மேல்கீழ் மட்டும் அசைகிறதா, முன்பின்னும் அசைகிறதா என்று பாருங்கள். சிறிய கார் பலவற்றில் மேல்கீழ் மட்டும்தான். கட்டையானவர் பெடலுக்கு எட்டவேண்டும் என்று சீட்டை முன்னுக்கு இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சோடு ஒட்டிவிடும். எயார்பாக் விரியும் வேகத்துக்கு நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் இடையே 25 சென்ரிமீட்டராவது வேண்டும். கண்பார்வையும் ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்பைவிட 7, 8 சென்ரிமீட்டர் மேலே போக வேண்டும், அதற்குச் சீட்டை உயர்த்தும் நெம்பு வேண்டும், மலிவான தரங்களில் அது இருக்காது.

"சேஃப்டி பக்கேஜ் இருக்கு" என்றால் என்ன?

விளம்பரங்களில் மிகக் குழப்பம் தரும் சொல் இது. டொயோட்டா சேஃப்டி சென்ஸ், ஹொண்டா சென்சிங், டைஹட்சு ஸ்மார்ட் அசிஸ்ட் என்று ஒவ்வொரு கம்பனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஒரே பெயருக்குள்ளும் வருடத்தையும் தரத்தையும் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். வயதான சாரதிக்கு முக்கியமானவை இரண்டு, அவை இரண்டும் ஒன்றல்ல.

1. தானாகப் பிரேக் பிடிப்பது. முன்னால் கார் அல்லது ஆள் இருப்பதைக் கமெராவோ ராடாரோ கண்டு, சாரதி பிரேக் பிடிக்காவிட்டால் தானே பிடிக்கும்.
2. பெடல் மாறி மிதித்தால் பாயாமல் தடுப்பது. நிற்கும்போதோ மெதுவாக ஊரும்போதோ, சில மீட்டர் தூரத்துக்குள் சுவர் மாதிரித் தடை இருக்க, எக்ஸிலரேட்டரைப் பலமாக மிதித்தால் எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும்.

முதலாவது இருக்கிற காரில் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாவது முன்பக்கத்துக்கு மட்டுமா, பின்பக்கத்துக்கும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். தடை எதையும் காணாவிட்டால் பழைய முறைகள் பல ஒன்றும் செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பானில் புதிதாக அறிமுகமாகும் உள்நாட்டு மாதிரிகளுக்குத் தானியங்கிப் பிரேக் 2021 நவம்பரிலிருந்து கட்டாயம். இந்த வசதிகள் உள்ள காரை மட்டும் ஓட்டலாம் என்ற தனி வகை லைசன்ஸும் 2022 மேயில் வந்தது. பெடல் மாறுவதைத் தடுக்கும் கருவி புதிய ஓட்டோமெட்டிக் கார்களுக்கு 2028 செப்டெம்பரிலிருந்து கட்டாயமாகிறது. கொழும்பில் பலருடைய காசுக்கு எட்டுவதோ 2014 முதல் 2018 வரையான, ஏற்கெனவே இங்கே பதிந்த கார்கள், அதாவது இந்த வசதி சில தரங்களில் இருந்து சிலவற்றில் இல்லாமல் இருந்த காலத்தின் கார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே கார்தான். முன் கண்ணாடியின் மேல் நடுவில் கமெராப் பெட்டி இருக்கிறதா, ஸ்டார்ட் செய்யும்போது அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் வசதி செத்துவிட்டது. எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். முன் கண்ணாடி மாற்றிய கார் என்றால் கமெராவைத் திரும்ப அளவுபடுத்திய பதிவைக் கேளுங்கள்.

பார்க்கப் போகும் நாள்

காரை மகனோ மருமகனோ போய்ப் பார்த்து முடிவெடுத்துவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம். ஓட்டப்போகிறவரை அழைத்துப் போங்கள், உடம்பு அதிகம் இறுகியிருக்கும் காலை நேரத்தில். ஒரு தடவை ஏறி இறங்குவது போதாது, ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஐந்தாவதில்தான் உண்மை தெரியும். அரை மணித்தியாலம் நெரிசலில் ஓட்டட்டும், பிறகு அவர் வழக்கமாக நிறுத்தும் தரிப்பிடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி இறங்கட்டும். வலி உண்டா என்று அடுத்த நாள் காலையில் கேளுங்கள்.

லைசன்ஸ் புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுக்கும் சான்றிதழ், ஓட்டத் தகுதி உண்டா என்பதைத்தான் சொல்லும், எந்தக் காரை ஓட்டலாம் என்பதைச் சொல்லாது. அதைக் கேட்க வேண்டியது அவரைப் பார்க்கும் மூட்டு மருத்துவரையும், அன்றாட வேலைகளைச் செய்ய உடம்பைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும். முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு என்பதை அவர்கள் அளந்து தருவார்கள். அந்த இரண்டு அளவையும் கதிரை உயரத்தை எழுதிய அதே தாளில் எழுதிக்கொண்டு கார் விற்பவரிடம் போங்கள்.